ஆறு முழு கிளாஸ்

ஆல்ஃபின் மதுக்கடையில் பெண்களுக்கு முழு கிளாஸ் கிடையாது. அரை கிளாஸ்தான், அதுவும் அடியில் ஒல்லியாகத் தண்டு வைத்தது. அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. முழு கிளாஸ் கேட்டால் முறைப்பான், அவ்வளவுதான். பத்து வருடம் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் குடித்தது லாகர். வெளிர் மஞ்சளாக, சில்லென்று இருக்கும். இங்கிலாந்தில் எங்கள் போல்டன் ஊர் ஆண்களுக்கு அது பீரே இல்லை. பழுப்பாக, கசப்பாக, பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்துத் தருவதுதான் பீர். என் கணவன் க்ளிஃப் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் ஐந்து நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கத்துவான்.

"ஆல்ஃப், மேவிஸுக்கு அந்தப் பூனை மூத்திரத்துல அரை கிளாஸ் குடுப்பா. லைம் ஜூஸ் ஊத்த மறந்துடாத, அம்மாவுக்குத் தொண்டையில எறங்காது!"

ஐந்து தடியன்களும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

எழுபத்தாறாம் வருடக் கோடையில் வெயில் கொளுத்தியது. வாரக்கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆல்ஃபின் நிலவறை சூடேறி, பீப்பாயில் இருந்த பீர் புளித்துப்போனது. லாகருக்கு மட்டும்தான் குளிரூட்டும் பெட்டி. முதல் வாரம் ஆண்கள் "வேற வழியில்ல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். மூன்றாவது வாரம் நல்ல லாகர் எப்படி இருக்க வேண்டும் என்று க்ளிஃப் எனக்கே பாடம் நடத்தினான். வாயைப் பார்!

அந்த வார வெள்ளிக்கிழமை ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் எனக்கு வேலை. சாயங்காலம் என்னோடு வேலை பார்க்கும் பெரிலோடும் இன்னும் நான்கு பெண்களோடும் கடைக்குள் நுழைந்தபோது என் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

"லாகர் தீரப்போவுது கண்ணு," என்றான் ஆல்ஃப். "மிஞ்சினா ஆறு கிளாஸ் வரும். அது ஆம்பளைங்களுக்கு. பாவம், நாள் பூரா ஒழைச்சிட்டு வந்திருக்காங்க."

"நாங்க எங்கேர்ந்து வரோம்? பூங்காவுல காத்து வாங்கிட்டா?"

"கோவப்படாத. உங்களுக்கு லெமனேட் தரேன்."

லெமனேட்! எனக்குக் காது இரண்டும் சூடானது. ஆனால் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். எங்கள் ஊர் மதுக்கடைகளில் சுற்று முறை உண்டு. மேசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒருவர் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. அன்று முதல் சுற்று க்ளிஃபுடையது. அவன் மேசையில் அவனோடு சேர்த்து ஆறு பேர்.

"சரி ஆல்ஃப். க்ளிஃபோட சுத்த இன்னிக்கு நான் வாங்கறேன். ஆறு முழு கிளாஸ் ஊத்து."

ஆல்ஃபின் முகம் மலர்ந்தது. "இப்பதான் நல்ல பொண்டாட்டி!"

ஆறாவது கிளாஸ் நிரம்பியதும் குழாய் நுரையைத் துப்பிவிட்டு நின்றது. பணத்தை வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கினேன். க்ளிஃபின் நண்பர்கள் சாம்பல் கிண்ணத்தை நகர்த்தி மேசையில் இடம் பண்ணினார்கள். நான் அவர்களைத் தாண்டி நடந்து, என் தோழிகள் ஐவருக்கும் ஆளுக்கொன்று வைத்துவிட்டு, ஆறாவது கிளாஸோடு நானும் உட்கார்ந்தேன்.



"ஏய்! பொம்பளைங்களுக்கு முழு கிளாஸ் கெடையாது!" என்று ஆல்ஃப் கத்தினான்.

"ஊத்துனது யாரு? நீதான!" என்றாள் பெரில். அதற்குள் அவள் உதட்டில் நுரை.

"இனிமே இந்த வாசப்படி மிதிச்சீங்க..."

"மிதிக்கல. இதக் குடிச்சு முடிச்சிட்டுப் போறோம்," என்றேன் நான்.

க்ளிஃப் எழுந்து வந்தான். காது சிவந்திருந்தது. "மேவிஸ், எல்லாரும் பாக்கறாங்க. மானத்த வாங்காத. என் கிளாஸக் குடு."

ஒரே மூச்சில் பாதியைக் குடித்தேன். பிறகு எழுந்துபோய், ஆல்ஃப் துடைத்து வைத்திருந்த தண்டு கிளாஸ் ஒன்றை எடுத்து வந்தேன். மீதி லாகரிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றி அவனிடம் நீட்டினேன்.

"இந்தா, உன் பங்கு. லைம் வேணுமா?"

அவன் திரும்பி நண்பர்களைப் பார்த்தான். அவர்கள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் அப்படி. இரண்டு விரலால் தண்டைப் பிடித்துக் க்ளிஃப் மடக்கென்று குடித்தான். பெண்கள் ஐவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடம். முழு கிளாஸின் அடியில் மிச்சமிருந்ததை நின்றபடியே நான் குடித்து முடித்தேன்.