கிழக்கே தலை

பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்தாகிவிட்டது. குழிக்குள் இறக்க வேண்டியதுதான் பாக்கி. தொற்காள் முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்புங்க. அப்பா தல கிழக்கே வரணும்."

தூக்க வந்த நான்கு பேரும் அந்திரேயா உபதேசியாரைப் பார்த்தார்கள். இந்தக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் மேற்கேதான் தலை. ஆண்டவர் கிழக்கே வருகிற நாளில் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகத்தில் விழிக்கலாம்.

"இன்னாம்மா இது? கிழக்கே தல வைக்கிறது குருமாருங்களுக்கு மட்டுந்தான், சபையப் பாத்து எழுந்திருக்கணும்னு. ஒங்கப்பா தோல் ஷாப்புல வேல செஞ்சவரு."

"அவருக்கும் பாக்கறதுக்கு ஆள் இருக்கு."

மேற்கே, வேலிக்கு அப்பால், பாலாற்றங்கரை இடுகாடு. நெற்றிக் காசோடும் மஞ்சளோடும் அம்மா அமிர்தவள்ளி அங்கேதான் படுத்திருந்தாள். அப்பா காசி கிறிஸ்தவராகி யோபு என்று பேர் வாங்கிய அன்று அவளையும் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு என் அங்காளம்மா போதும்" என்று அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஜெபமும் நடந்தது, பொங்கலும் பொங்கியது. யாரும் யாரையும் நெருக்கவில்லை.

யோபு பிடிவாதம் பிடித்தது தோல் பதனிடும் அந்த ஷாப்பில்தான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு வேலை. செத்தாலும் ஞாயிறு வரமாட்டேன் என்று நின்றார். முதலாளி அப்துல் கஃபார் சாயபு சிரித்துவிட்டு வெள்ளிக்கிழமைச் சாவியை அவரிடமே கொடுத்தார். ஊர் தொழுகைக்குப் போன நேரத்தில், ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஒற்றை ஆளாகத் தோல் புரட்டினார் அந்த மனிதர். வீட்டில் மேற்கே தலை வைத்துப் படுப்பார். விடிந்ததும் கிழக்கைப் பார்த்து எழுந்து உட்காருவார். "இது ஒத்திகை. ஒருநாள் நெஜமாவே கூப்புடுவாரு" என்பார்.

அம்மா போன அன்றிலிருந்து பாயைத் திருப்பிப் போட்டார். ஏன் என்பதை நேற்று மூச்சு இழுக்கும்போதுதான் சொன்னார். அதைத் தொற்காள் இப்போது எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"அந்த நாள்ல ஒங்கம்மாவும் எழுந்திருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பயந்துடுவா. நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தாத்தான் கூப்புட முடியும்னாரு."

"ஞானஸ்நானம் இல்லாதவ எங்க போவான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

உபதேசியார் முகம் சிவந்தது. "ஆண்டவருக்கே முதுகு காட்றதா? மிஷன் துரைக்கு யாரு பதில் சொல்றது? அப்படி வச்சா நான் ஜெபம் பண்ண மாட்டேன்." புத்தகத்தை மூடினார்.

ஞாயிறு தவறாத மனிதரை ஜெபம் இல்லாமலா புதைப்பது? ஆனாலும் தொற்காள் கயிற்றை விடவில்லை.

"ஆண்டவரு சுத்திக்கினு வருவாரு. அவருக்கு எங்கப்பாவத் தெரியும். நீங்க திருப்புங்க மாமா."

அம்மாவின் தம்பி முனிரத்தினம் நெற்றி நிறையத் திருநீறோடு கயிற்றின் ஒரு முனையில் நின்றிருந்தார். பெட்டியைத் தூக்கித் திரும்பினார். மற்ற மூன்று பேரும் கூடவே திரும்ப வேண்டியதாயிற்று.

பெட்டி இறங்கும்போது தொற்காளே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். பாதியில் குரல் உடைந்தது. பின்னால் நின்ற பெண்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். உபதேசியார் உதடு அசைந்ததா என்று அவள் பார்க்கவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் முனிரத்தினம் தலைமாட்டில் நட வேண்டிய மரச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு விழித்தார். "இத எங்க நடறதும்மா?"

"மேற்கேயே நடு" என்றார் உபதேசியார் தணிந்த குரலில். "பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரிய வேணாம்."

தொற்காள் சிலுவையை வாங்கிக்கொண்டு கிழக்கு முனைக்கு நடந்தாள். ஊன்றிப் பிடித்து, கல்லால் ஓங்கி அடித்தாள்.

மற்ற சிலுவைகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஒன்று மட்டும் வரிசை தப்பி, ஆற்றைப் பார்த்து நின்றது.