பெற்றோர் முன்னிலையில்

அடி வாங்கும் குழந்தைகள்: பூஜ்ஜிய சதவீதம்.

திரையில் அந்தப் பெரிய முட்டை வந்ததும், தானே போட்டதுபோல் அதைப் பெருமையாகப் பார்த்தார் ஆய்வு மைய இயக்குநர். "எல்லாம் நம்ம விழிப்புணர்வு போஸ்டரோட வெற்றி சார்!"

எதிரே துறைச் செயலாளர், கையில் பேனா. அவர் கையெழுத்துப் போட்டால் குழந்தைகள் உதவி மையம் அடுத்த மாதமே மூடப்படும். அடியே விழாத ஊரில் அதற்கென்ன வேலை?

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் கடைசி நாற்காலியில் இருந்தாள். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல எழுந்தாள்.

"சார்... எந்தக் குழந்தைகிட்டயும் தனியாக் கேக்கலை. பெத்தவங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க."

"அது பாதுகாப்பு விதிம்மா," என்றார் இயக்குநர். "குழந்தையைத் தெரியாத ஆளோட தனியா விடலாமா?"

"பதில் சொல்றதுக்கு முன்னாடி அதுங்க அப்பா மூஞ்சியைப் பாக்குதுங்க சார்."

"அதுக்குப் பேர் பாசம்!"

அறையே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கு லீவு என்பதால் இயக்குநரின் மகளும் வந்திருந்தாள். ஜன்னலோரம் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தவளைச் செயலாளர் விளையாட்டாகக் கேட்டார். "பாப்பா, அப்பா உன்னை அடிப்பாரா?"

"நல்லாக் கேளுங்க சார்!" என்றார் இயக்குநர்.

மெழுகுப் பென்சில் நின்றது. சிறுமி அப்பாவைப் பார்த்தாள். அப்பா எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

"இல்ல."

"பாத்தீங்களா? எங்க வீட்டுலயும் அதே பூஜ்ஜியம்!"

கைதட்டல். அதற்குள் அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இயக்குநர் முதுகை வளைத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

சிறுமி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. "இன்னொரு தடவை கேப்பீங்களா, அங்கிள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. வராந்தாவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பூஜ்ஜியம் சார். சுத்தமா பூஜ்ஜியம்!"

செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "எல்லாரும் வெளியே வாங்க."

"பெற்றோர் இல்லாம கேட்டா விதிமீறல் சார்," என்று இழுத்தார் ஒரு குமாஸ்தா.

"முதல்ல நீங்க வாங்கய்யா. வெளியே அவரை நான் பாத்துக்கறேன்." பிறகு கடைசி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "நீ இரும்மா."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சிறுமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்போ யாரும் இல்லடா கண்ணு. மெதுவாச் சொல்லு."

சிறுமி முதலில் சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.