முதல் எட்டும் கடைசி எட்டும்

துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் எந்த ஏர் ரைபிளையும் அவள் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறுப்பினர்கள் தொடலாம். ஆள் முகம் பார்த்து அவள் எழுதியதாக யாரும் சொன்னதில்லை. அதனால்தான் தன் தம்பியின் துப்பாக்கி சோதனைக்கு வந்தபோது, "இத வேற யாராவது பாக்கட்டுமே" என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். பல் டாக்டரான செயலாளர் சிரித்தார். "வேற யாருக்கு இங்க வேலை தெரியும்? நீங்களே பாருங்க. நாளைக்கு நாலு மணி கமிட்டிக் கூட்டத்துல உங்க அறிக்கை என் கையில இருக்கணும்."

துப்பாக்கி புதிதல்ல. அக்காவும் தம்பியும் பள்ளிக் காலத்தில் முறை வைத்துச் சுட்ட கிளப்பின் பழைய துப்பாக்கிதான். கன்னத்தில் அண்டக் கொடுக்கும் அதே மரக்கட்டை, அதே விசை, ஓரம் கீறிய அதே ஸ்கோப். கழித்துப்போட இருந்ததை லேத் பட்டறை வைத்திருந்த தம்பி கேட்டு வாங்கிப்போய், காற்றழுத்தத்தைச் சீராக வைக்க உள்ளே தானே கடைந்த ஒரு ரெகுலேட்டரைப் பொருத்திக் கொண்டுவந்திருந்தான். இது தேறினால் கிளப்புக்குச் சொந்தமான மற்ற ஒன்பது துப்பாக்கிகளுக்கும் அவனே செய்து தருவான். போன வருஷம் கொண்டுவந்தது காற்றுக் கசிந்து திரும்பிப்போனது. இந்த முறையும் தவறினால் இனி இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

ரெகுலேட்டர் இல்லாத காலத்தில் அந்தத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. சிலிண்டரில் காற்றை இருநூறு பார் அழுத்தம் வரை அடைத்ததும், அந்த அழுத்தமே வால்வை இறுக்கி மூடிக்கொள்ளும். விசையை இழுத்து உள்ளிருக்கும் சுத்தியல் தட்டினாலும் வால்வு லேசாகத்தான் திறக்கும். கொஞ்சம் காற்றுதான் வெளிவரும்; குண்டு மெதுவாகப் போய்த் தாழ்வாக விழும். சுடச்சுட அழுத்தம் இறங்கி, வால்வு தாராளமாகத் திறக்க, வேகம் ஏறும். கடைசியில் காற்றே தளர்ந்து மறுபடி தாழும். ஒரு தடவை அடைத்தால் முப்பது குண்டு. அதில் முதல் எட்டும் கடைசி எட்டும் தாழ்வு, நடுவில் பதினாலு நேர். இருபத்தைந்து மீட்டரில் அந்த வித்தியாசம் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம் இருக்கும்.

தம்பியின் ரெகுலேட்டர் இந்தக் குணத்தை மாற்ற வந்தது. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைக் குடுவை. உள்ளே ஒரு பிஸ்டன், அதைத் தாங்க சாஸர் போலக் குழிந்த எஃகு வட்டுகள். வட்டுகள் காற்றுப் போகும் வழியைத் திறந்தே வைத்திருக்கும். வால்வுப் பக்கத்தில் அழுத்தம் நூற்று முப்பதைத் தொட்டதும், அந்த அழுத்தமே பிஸ்டனைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சுட்டதும் அழுத்தம் குறையும், வழி திறக்கும், நூற்று முப்பதில் மறுபடி அடையும். சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் வால்வுக்குக் கிடைப்பது ஒரே அளவு.

முதல் நாள் வேகமானியை வைத்து முப்பது குண்டு சுட்டாள். இரண்டு ஒளிக்கண்களுக்கு நடுவே குண்டு பறக்கிற நேரத்தைப் பிடித்து வேகம் சொல்லும் கருவி அது. முப்பதும் ஒரே வேகம், ஒன்றிரண்டு மீட்டர்தான் முன்பின். மனசுக்குள் குளிர்ந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலை வேகமானியை ஓரம் வைத்துவிட்டு, தாளில் சுட்டாள். ஐந்து ஐந்து குண்டாக, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு வட்டம். முதல் வட்டத்தில் ஐந்தும் மையத்துக்கு மேலே. நடுவில் அழகாகக் கூடின. கடைசி வட்டம் மறுபடி மேலே. நேற்று ஒழுங்காக நின்ற ரெகுலேட்டர் இன்று அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த மாட்டேன் என்கிறதோ? பிஸ்டன் வந்து அடைக்கும் இடத்தில் தூசி ஏறினால் அழுத்தம் இப்படித் தாறுமாறாகும். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் நினைச்சுக்காதடா. அழுத்தம் நிக்கல. வந்து எடுத்துட்டுப் போ."

மறுமுனையில் லேத் ஓடும் சத்தம் நின்றது. "சரிக்கா, வரேன்."

மதியம் இரண்டு மணிக்குக் கையில் கிரீஸோடு வந்தவன், துப்பாக்கியைத் தொடாமல் தாளைத்தான் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்து வட்டம் வட்டமாகப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது.

"என்னடா சிரிப்பு? தோத்ததுக்கா?"

"தராசாம் தராசு. இது எத்தனாவது குண்டு வரைக்கும் மேல இருக்கு, எண்ணிப் பாரு."

எண்ணினாள். முதல் வட்டத்தில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. எட்டு. பின்னாலிருந்தும் எட்டு.

"இது என் துப்பாக்கி சுட்டது இல்லக்கா. உன் கை சுட்டது. ஸ்கூல் காலத்துல குண்டு தாழும்னு நீ முதல் எட்டுக்கும் கடைசி எட்டுக்கும் தூக்கிப் பிடிப்ப. இப்ப அது தாழல, நீ தூக்குறத நிறுத்தல."

"சும்மா இரு. மெம்பருங்க வாங்குற துப்பாக்கியே வருஷத்துக்கு இருபது சோதிக்கிறேன். ஒண்ணுலயும் இப்படி வந்தது இல்ல."

"அதெல்லாம் உன் கன்னம் பட்டு வளர்ந்த கட்டையா?"

காலையில் கட்டையைக் கன்னத்தில் வைத்ததுமே உடம்பு பழைய பழக்கத்துக்கு இளகியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தனக்குப் பின்னால் தம்பி காற்றடிக்கும் கைப் பம்பில் தொங்கித் தொங்கி மூச்சு வாங்குவதுபோல ஒரு நொடி இருந்ததும்தான். அந்த நொடியில் கை தானாகவே வேலை செய்திருக்கிறது.

"நீ சொன்னா மட்டும் எழுத முடியாது. நிரூபிக்கணும்," என்றாள்.

தம்பி காற்றை அடைத்தான். அழுத்தம் காட்டும் முள் அவளுக்குத் தெரியாதபடி அதன் மேல் டேப் ஒட்டினான். வேகமானியை முன்னால் வைத்தான். குண்டுகளைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தான். எந்த வட்டத்தில் சுடுவது என்று அவனே மாற்றி மாற்றிச் சொன்னான்; எண்ணிக்கை தப்ப, நடுநடுவே பேச்சும் கொடுத்தான்.

"பம்பு அடிக்கிறது என் முறை, சுடுறது உன் முறைன்னு சொல்லி ஒரு மாசம் ஏமாத்தினியே, ஞாபகம் இருக்கா?"

"நீதான் பலசாலின்னு பீத்திக்கிட்ட."

"மழை வந்து கொட்டகை ஒழுகி, தாள் நனைஞ்சு, நீ ஓட்டையில விரல விட்டுப் பத்துப் பாயிண்டுன்னு சொன்னது?"

"ஏழுதான் அது," என்று சிரித்தாள். எத்தனையாவது குண்டு என்பது எப்போது கைவிட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பை காலியானதும் தம்பி கையை விரித்துக் காட்டினான்.

தாளை இழுத்துப் பார்த்தார்கள். ஆறு வட்டத்திலும் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மையத்தில் கிழிசல் ஒரே ஓட்டையாகக் கிடந்தது. வேகமும் நேற்றுப்போலவே.

தம்பி மூச்சை விட்டான். "அப்போ தேறிடுச்சில்ல?"

"என் கண்ணுக்குத் தேறிடுச்சு. ஆனா காலையில தப்பா சுட்டவளும் நான்தானே." அவள் செயலாளரைக் கூப்பிட்டாள். அந்தத் துப்பாக்கியை ஒருநாளும் தொட்டிராத பல் டாக்டர் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, புதிதாக அடைத்த காற்றில் முதல் எட்டு குண்டையும் சுட்டார். எட்டும் மையத்தில்.

அவள் அறிக்கையை எழுதினாள். ரெகுலேட்டர் சரி. காலைத் தாளில் உள்ள பிழை சுட்டவருடையது, பழக்கத்தால் நேர்ந்தது. சுட்ட மூன்று தாள்களையும் அதோடு சேர்த்துப் பின் குத்தினாள்.

செயலாளர் படித்துவிட்டு, "இந்த வரி வேணுமா? காலைத் தாளை எடுத்துட்டா யாருக்கும் தெரியாதே," என்றார்.

"இருக்கட்டும் டாக்டர். மத்த ஒன்பதுலயும் நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா சுட்டிருக்காங்க. அவங்க கையும் இப்படித்தான் இருக்கும். தெரிஞ்சுக்கட்டும்."

தம்பி துப்பாக்கியை உறையில் வைக்கப் போனான். "ஒன்பதையும் நீதானே சோதிப்ப?"

"ஒன்பதையும் நான் பாக்குறேன்," என்று கட்டையின் மேல் ஒருமுறை கையை ஓட்டினாள். "டாக்டர், இத மட்டும் இனிமே புதுசா பழகுற சின்னப் பசங்ககிட்ட குடுத்துருங்க. அவங்க நேரா பிடிப்பாங்க."