பாம்ப்லோனா என்று ஒரு சொல்

காசில்டா துரோன் மிட்டாய்ப் பாளத்தின் மேல் கத்தியை வைத்து, கத்தியின் முதுகில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். பாதாமும் தேனும் இறுகிக் கல்லாகிவிட்ட அந்த மிட்டாயை அறுக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். சில்லுகளைத் தட்டில் பரப்பி இடுக்கியைப் பக்கத்தில் வைத்தாள். மணி மூன்றரை. காலை பத்து மணிக்கு நின்றவள் இன்னும் உட்காரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. புர்கோஸ் நகரில் பாதிப் பேர் அந்தப் பெரிய கடையின் கீழ்த்தளத்தில்தான் இருந்தார்கள் போலிருந்தது. வெளியே உறைபனி. உள்ளே குளம்போடு தொங்கும் ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைகள், நெத்திலி டப்பாக்கள், பாகில் ஊறிய செஸ்ட்நட்டுகள், பாம்பு வடிவத்தில் செய்த பாதாம் இனிப்பு. வாங்குகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் அதிகம். கையுறையைக் கழற்றி ஒரு சில்லை வாயில் போட்டு, "போன வருஷம் இன்னும் நல்லா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்கள்.

பக்கத்தில் யோலண்டா பரிசுக்கூடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். ஈக்வடார்க்காரி. ஸ்பெயினுக்கு வந்து பதினான்கு மாதம்தான். போன கிறிஸ்துமஸ் முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போயிருந்தது.

"சென்யோரா காசில்டா, பாம்ப்லோனா போற கூடைக்குச் சிவப்பு ரிப்பனுங்களா, பச்சைங்களா?"

"சிவப்பு. என்னை சென்யோரான்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது? நானா உனக்குச் சம்பளம் தர்றேன்?"

"வாயில வந்துடுதுங்க."

"அந்த 'ங்க'வும் வேணாம். எனக்கு வயசானது இப்பதான் ஞாபகத்துக்கு வருது."

யோலண்டா சிரித்தாள். சிரித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்குச் சாப்பிடப் போக வேண்டியவள். வரிசை குறையட்டும் என்று கொன்சாலோ நிறுத்தி வைத்திருந்தான். வரிசை குறையவில்லை.

கொன்சாலோ அந்தத் தளத்தின் மேற்பார்வையாளன். முப்பத்திரண்டு வயது. எல்லாரையும் "பொண்ணுங்களா" என்றுதான் கூப்பிடுவான். ஜனவரி ஆறாம் தேதி மூவரசர் திருநாள் முடிந்த மறுநாள் எல்லாப் பெண்களுடைய ஒப்பந்தமும் முடியும். இந்த முறை அவர்களில் ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும், பெயரைக் கொன்சாலோதான் எழுதிக் கொடுப்பான் என்றும் பேச்சு. காசில்டாவுக்கு இந்தக் கடையில் இது ஏழாவது கிறிஸ்துமஸ். வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் கணவனுக்கு வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"முகமே சரியில்லையே உனக்கு. காலைல என்ன சாப்பிட்ட?"

"காப்பி."

காசில்டா கீழே குனிந்து, உடைந்த சரக்கைப் போடும் இழுப்பறையைத் திறந்தாள். வண்ணக் காகிதத்துக்குள் நொறுங்கிப்போன பொல்வொரோன்கள் அதில் கிடந்தன. வறுத்த மாவும் பாதாமும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள். சாயங்காலம் அவற்றைக் கறுப்புப் பையில் கொட்டி, வேலைக்காரர்கள் யாரும் எடுத்துத் தின்னாதபடி பாத்திரம் கழுவும் திரவத்தை மேலே ஊற்றுவார்கள். ஒன்றை எடுத்து யோலண்டாவின் கையில் திணித்தாள்.

"பிரிக்காத, இரு. முதல்ல கைக்குள்ள வச்சு நல்லா அழுத்து. இல்லன்னா எல்லாம் மாவா உதிரும். அழுத்தியாச்சா? இப்ப பிரிச்சு முழுசா வாயில போடு. சீக்கிரம்."

யோலண்டா இழுப்பறைப் பக்கம் குனிந்து வாயில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது எதிரே கொன்சாலோ நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு தாத்தாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும்.

"யோலண்டா, அந்தக் கூடை தயாரா?"

அவள் தலையை ஆட்டினாள். உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கொன்சாலோ அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"எந்த ஊருக்குப் போகுது அது? வாயத் திறந்து சொல்லு."

பிள்ளைகள் உடனே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அந்த விளையாட்டுத் தெரியும். வாய் நிறையப் பொல்வொரோனை வைத்துக்கொண்டு பாம்ப்லோனா என்று சொல்ல வேண்டும். முதல் எழுத்துக்கே மாவு பறக்கும். யோலண்டாவுக்குத் தெரியாது. கூடை போகிற ஊரைத்தான் கேட்கிறான் என்று நினைத்தாள். சொல்லலாமா என்பதுபோலக் காசில்டாவைப் பார்த்தாள். காசில்டா தட்டைப் பார்த்தாள்.

"பாம்ப்லோனா" என்றாள் யோலண்டா, மரியாதையாக.

வெள்ளை மாவு ஹமோன் வெட்டும் மேசையின் கண்ணாடி வரைக்கும் தெறித்தது. சின்னப் பையன் கைதட்டினான். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கொன்சாலோ சிரித்தபடியே காசில்டா பக்கம் திரும்ப, அவளும் சிரித்தாள். தன் குரல் மற்றவர்களுடையதைவிட உரக்கக் கேட்டதை அவளே கவனித்தாள்.

யோலண்டாவும் புன்னகை செய்யப் பார்த்தாள். மாவு படிந்த முகவாயைப் புறங்கையால் துடைத்து, மிச்சத்தை விழுங்கினாள்.

கொன்சாலோ கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "எங்கேருந்து எடுத்த?"

அவள் காகிதத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"வாடிக்கையாளர் தட்டுலேருந்துங்க. நானாதான் எடுத்தேன்."

"காசில்டா, நீ பாத்தியா?"

"நான் ஹமோன் பக்கம் இருந்தேன்" என்றாள் காசில்டா. ஹமோன் மேசையில் அன்று அவளுக்கு வேலையே இல்லை. அது அவனுக்கும் தெரியும். "எதையும் பாக்கல."

"சரி. யோலண்டா, மேல போ. பணியாளர் அறையில இரு, கணக்க முடிக்கச் சொல்லி ஃபோன் பண்றேன்."

அவள் ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, காசில்டாவின் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியேறினாள்.

"தாத்தா, நாங்களும் பாம்ப்லோனா சொல்லணும்!" பையன் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அதுக்கென்ன!" என்றான் கொன்சாலோ. "காசில்டா, தட்டு நிறைய எடுத்துட்டு வா. புதுப் பெட்டிய உடை. கணக்குப் பாக்காம கொடு."

அவள் புதுப் பெட்டியை உடைத்து, தட்டை நிரப்பி, மேசையைச் சுற்றி வெளியே வந்து நீட்டினாள். பிள்ளைகள் வாயில் அடைத்துக்கொண்டு கத்தினார்கள். தாத்தாவும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். வரிசையிலிருந்து ஒரு பெண், அவள் பின்னால் கல்லூரி மாணவர்கள் நால்வர். பாம்ப்லோனா, பாம்ப்லோனா என்று தளமே அதிர்ந்தது. மாவு காசில்டாவின் காலணி மேலும் தரை மேலும் விழுந்தது. இரண்டு பெட்டி கேட்ட தாத்தாவிடம் கொன்சாலோ "மூணா எடுத்துக்கோங்க, இப்பவே தீந்துடும்" என்றான்.

"நீங்களும் சொல்லணும்" என்றான் பையன் காசில்டாவிடம். ஒன்றை எடுத்து நீட்டினான்.

அவள் கொன்சாலோவைப் பார்த்தாள்.

"சாப்பிடு, சாப்பிடு. கிறிஸ்துமஸ்தானே!"

காசில்டா அதைக் கைக்குள் வைத்து அழுத்தினாள். பிரித்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வறண்டு மேல் அண்ணத்தில் ஒட்டியது. பையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது யோலண்டா படியிறங்கி வந்தாள். சொந்தக் கோட்டைப் போட்டிருந்தாள். வாசலில் காவலாளி அவளை நிறுத்தினான். வேலைக்காரர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கழுத்துச் சால்வை, வீட்டுச் சாவி, பஸ் அட்டை, தட்டுத் துடைக்கும் துணியில் கட்டிய மதியச் சாப்பாட்டு டப்பா. காவலாளி டப்பாவைத் திறக்கச் சொன்னான். சோறும் அவரையும் அப்படியே இருந்தன.

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரேங்க, சென்யோரா காசில்டா."

"சொல்லுங்க!" என்றான் பையன்.

காசில்டா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.