சராசரி மழை

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைப்பதற்கில்லை. நவம்பர் காலை ஒன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் கசாக் நகரத்தை ஒட்டி நிற்கும் அலதாவ் மலையைக் காணோம். நகரத்தின் கரிப்புகை விழுங்கியிருந்தது. வானொலியில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "இந்த ஆண்டு மழைப்பொழிவு சராசரி." கிண்ணத்தை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் மேசையில் கொட்டியது. அதைத் துடைக்காமலே எழுத உட்கார்ந்தேன்.

மழை பெய்யவில்லை. (அடித்துவிட்டேன். பெய்ததே.)

மழை பெய்தது. (இதையும் அடித்தேன். இது வானொலிக்காரன் வரி.)

2.

சரி, பிபிஜாரிலிருந்து தொடங்குகிறேன். நகரத்துக்கு வடக்கே, காற்று புகையைக் கொண்டுபோய்க் கொட்டும் பக்கத்தில், அவளுக்குக் கொஞ்சம் புல் நிலமும் பால் கறக்கும் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றும் இருந்தன. கணவன் உயிரோடு இல்லை. கொழுந்தன் ஒல்ஜாபாய் நகரத்து வானிலை அலுவலகத்தில் அதிகாரி. அந்தப் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கசாக் வீட்டில் வாழவந்தவள் புகுந்த வீட்டார் பெயரை வாயில் எடுக்கமாட்டாள், பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். இவள் வைத்தது "கனவான்".

வசந்தத்தில் கனவான் வந்திருந்தான். புல் முளைக்கத் தூறல் வேண்டிய பருவம்.

"என்ன கனவானே, உங்க ஊர் மேகம் தினமும் வருது. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எட்டிப் பாத்துட்டு, பதிலே சொல்லாமப் போயிடுது."

அவன் சிரித்தான். "புகைதான் அண்ணி. மேகத்துல இருக்கற தண்ணி கொஞ்சம், தூசி கணக்கில்லாம இருக்கு. ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்குது. எந்தத் துளிக்கும் கீழ விழற கனம் வரல."

"அப்ப எப்பத்தான் விழும்?"

"நகரத்துச் சூடு மேகத்தை மேல தூக்கிட்டே இருக்கும். என்னிக்காவது மொத்தமா கொட்டலாம். கொட்டினா நீங்க தாங்க மாட்டீங்க."

[இந்த ஆள் என்னை உறுத்துகிறான். ஒன்றும் தெரியாதவனாக எழுதியிருந்தால் மன்னித்துத் தொலைத்திருக்கலாம். இவனுக்கு எல்லாம் தெரியும்.]

3.

ஜூனில் கொட்டியது. 'வானம் வெள்ளி முத்துகளை வாரி இறைத்த…' தூ. கல்மழை. இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் ஒரே பிற்பகலில் அடித்துச் சேற்றோடு புதைத்துவிட்டுப் போனது. ஊரில் யாரிடமும் குளிர்காலத் தீவனம் இல்லை.

வறட்சி என்று அறிவித்தால் அரசு தீவனம் தரும். அறிவிக்கவில்லை. வராத தூறலையும் வந்த கல்மழையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள், சராசரி வந்தது.* அறிக்கையில் ஒல்ஜாபாய் கையெழுத்திட்டான்.

* ஆறு நாள் பட்டினி போட்டுவிட்டுக் கடைசி நாளில் ஏழு நாள் சோற்றையும் தொண்டையில் திணித்தாலும் நீங்கள் சராசரியாகச் சாப்பிட்டவர்தான். செத்துப்போனால் அது உங்கள் தவறு.

4.

குளிர் இறுகியதும் சோகிம் வந்தது. குளிர்கால இறைச்சிக்காகக் குதிரை அறுக்கும் வழக்கம் அது. பால் தருவதை யாரும் அறுப்பதில்லை. ஆனால் தீவனமில்லாமல் பிபிஜாரின் குதிரை பட்டினியில் சாகும். பெண் தன் கையால் அறுக்கக்கூடாது; கணவன் போனபின் அந்த வேலையும் கொழுந்தனுடையதுதான்.

முடிவு ஒன்று: அரசு மனமிரங்கி ஒரு லாரி தீவனம்… (அடித்தேன். யாரை ஏமாற்றுகிறேன்?)

முடிவு இரண்டு: பிபிஜார் கண்ணீர் மல்க… (இதுவும் வேண்டாம். அவள் அழவில்லை. அவளுக்கும் கோபம்தான்.)

நடந்தது இது. முற்றத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனவான் கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"இதையா அண்ணி? இது பால் கறக்குதே."

"கறக்குது. தின்னத்தான் ஒண்ணுமில்ல."

"நான் என்ன பண்றது? மேல இருக்கறவங்க கூட்டிப் போடுன்னாங்க. போட்டேன்."

"வசந்தத்துல என் அடுப்படியில உக்காந்து சொன்னியே, அதை எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினா வேலை போயிடும்."

அவள் கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டினாள்.

"ஒல்ஜாபாய்," என்றாள். "அறு."

அவன் முகம் வெளுத்தது. அத்தனை வருஷத்தில் அந்த வாசலில் அந்தப் பெயரை அவள் குரலில் யாரும் கேட்டதில்லை. இனி அவன் அவளுக்குக் கொழுந்தன் இல்லை. அறிக்கையில் கையெழுத்திட்ட ஓர் ஆள்.

5.

இங்கே நிறுத்துகிறேன். அவன் கத்தியை வாங்கலாம். அல்லது நகரத்துக்குத் திரும்பி, தூறல் வரவில்லை என்றும் ஏன் வரவில்லை என்றும் எழுதி, வேலையைத் தொலைத்து, ஊருக்குத் தீவனம் வாங்கித் தரலாம். எது என்று நான் சொல்லமாட்டேன். அவனைத் திருத்தி எழுதுவது எனக்கு ஒரு வரி வேலை. அப்படி எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

குதிரை முற்றத்தில் நிற்கிறது. அவள் நீட்டிய கை வலிக்கத் தொடங்கியிருக்கும். நீங்களே சொல்லுங்கள், அவன் என்ன செய்தான்? அதற்குமுன் ஒன்று: உங்கள் ஊரில் இந்த வருஷம் மழை எப்படி?

சராசரி என்று மட்டும் சொல்லாதீர்கள்.