இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்தது

பட்டணத்துப் புரொபசரின் கடிதத்தை ஞானசிகாமணி வாத்தியார் நின்றபடியே வாசித்தார். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் பதினான்கு வருஷமாகக் கணக்குச் சொல்லித்தருகிற மனுஷர். அவர் கணக்கைத் தப்பென்று ஒருவர் எழுதியிருப்பது இதுதான் முதல் தடவை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஐப்பசியில் மகள் சாலோமியை அடக்கம் செய்த நாளிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்துபோவார்.

விஷயம் இவ்வளவுதான். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் 11,11,111 என்ற எண் ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது, அது பகா எண் என்று நிரூபித்து வாத்தியார் புரொபசருக்கு நோட்டை அனுப்பியிருந்தார். ஆயிரத்தைம்பத்துநான்கு வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். காலை ஜெபம் முடிந்ததும் அப்பனும் மகளும் உட்கார்ந்துவிடுவார்கள். ஓர் எண் அவருக்கு, அடுத்தது பன்னிரண்டு வயதுச் சாலோமிக்கு. அவள் போனபிறகு பாக்கியை அவர் ஒருவரே போட்டு முடித்தார். அனுப்புமுன் தம்முடைய வகுத்தல்களை எல்லாம் இன்னொரு தரம் சரிபார்த்தார். அவளுடையதைத் தொடவில்லை.

239 மீதியில்லாமல் வகுக்கிறது, ஈவு 4649 என்று எழுதி, புரொபசர் நோட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். பிழை எப்படி நேர்ந்தது என்று விளக்கி எழுதினால், காலேஜ் வேலைக்குச் சிபாரிசு செய்வதில் தமக்குத் தடையில்லையாம். அந்த வேலைக்காக ஆறு வருஷம் காத்துக் கிடந்தவர் வாத்தியார்.

239-ஆல் வகுத்த பக்கத்தைப் புரட்டினார். சாலோமியின் கையெழுத்து. 1171-இல் 956 போனால் 215. அவள் 216 என்று போட்டிருந்தாள். அந்த ஒன்றே ஒன்று அடுத்த படியில் பத்தாகி, மீதியாக நின்றுவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கழித்தலில் தவறாத பிள்ளை அது.

அவர் மனைவி யூனிஸ் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வகுத்தல் தெரியாது, மகளின் எழுத்து தெரியும். ஓரத்தில் போட்டிருந்த தேதியை வாசித்தாள்.

“அன்னைக்குத் தலைய வலிக்குன்னா. முடிச்சிட்டுப் படுளான்னு நீங்கதான் சொன்னிய.”

குற்றம் சொல்கிற குரலாக இல்லை. அவர் மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் எழுதினார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டதும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த வகுத்தலைச் செய்தது என் மகள். அன்று அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. நான் தொட்டுப் பார்க்கவில்லை. முடிக்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். பிழை என்னுடையது. தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.

குரல் எங்கேயும் இடறவில்லை. வகுப்பில் வாய்பாடு சொல்வதுபோல் கடைசிவரை ஒரே சீராகப் போயிற்று. பிறகு, தப்பான வரியை அடித்துத் திருத்துவதற்காகப் பேனாவை மையில் தோய்த்தார்.

யூனிஸ் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 216 என்று எழுதியிருந்த இடத்தில் புறங்கையை வைத்து, சூடு பார்க்கிறவளைப் போல அப்படியே இருந்தாள்.