வேலிக்கு அந்தப் பக்கம் விளைந்தவை

வெலிச்கா தன் கொல்லையில் நட்ட தக்காளிச் செடிகள் ஒவ்வொரு கோடையிலும் வேலிக்கு அந்தப் பக்கம், மில்கோவின் கொல்லையில் காய்த்தன. இவள் பக்கம் இலை இருக்கும், பூ இருக்கும். ஆகஸ்டு பிறந்ததும் அவன் பக்கத்து வெறுந்தரையில் பழம் குவிந்து கிடக்கும். மில்கோ கெட்டவன் இல்லை. கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொடுப்பான். வேலியைத் தாண்டியதும் பழம் பச்சையாகி, பிஞ்சாகி, கூடைக்குள் பூவாகக் கிடக்கும். நாலைந்து வருஷம் கொண்டுவந்து பார்த்துவிட்டு அவனும் நிறுத்திக்கொண்டான். பிரெஸ்தோவோ கிராமத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெலிச்காவும் மில்கோவும் 1948 பிப்ரவரியில், ஒரே நாளில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். மூன்றாம் நாள், வழக்கம்போல, பிள்ளைகளின் விதியைச் சொல்லும் மூன்று பெண்கள் வந்தார்கள். முழங்கால் அளவு பனி. முதலில் வெலிச்காவின் வீட்டுக்குள் நுழைந்து, வைத்திருந்த ரொட்டியையும் தேனையும் தின்றுவிட்டுத் தொட்டிலருகே நின்றார்கள். மூத்தவள், "இவள் ஓயாமல் உழைப்பாள்" என்றாள். அடுத்தவள் வாயைத் திறப்பதற்குள் அடுப்பு புகைந்து அறையை அடைத்துவிட்டது. வெலிச்காவின் அப்பா பெதர் ஈர விறகைப் போட்டிருந்தார். மூவரும் இருமிக்கொண்டே வெளியேறி, அடுத்த வீட்டுக்குள் போய், மில்கோவின் தொட்டிலருகே மிச்ச வாக்கியத்தை முடித்தார்கள்: "உழைத்ததெல்லாம் பலிக்கும்." அதற்குள் இருட்டிவிட்டதால் அப்படியே கிளம்பிப் போனார்கள். மில்கோவுக்கென்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்ற மருத்துவச்சி கேனா இதை ஊருக்குச் சொன்னாள். பெதர் சாகும்வரை காய்ந்த விறகைத்தான் வாங்கினார்.

பள்ளி இறுதித் தேர்வில் வெலிச்கா எழுதிய கணக்குக்கு மில்கோ முதல் மதிப்பெண் வாங்கினான். விதி என்று ஒன்று கிடையாது, முயற்சிதான் எல்லாம் என்று நம்பிய தலைமையாசிரியர் தாள்களை மூன்று முறை திருத்தினார். மூன்று முறையும் மதிப்பெண் மில்கோவின் பெயரில்தான் ஏறியது. மாவட்டத்திலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக் குழு ஒன்று வந்து விசாரித்து, இது தற்செயல் என்று எழுதிவிட்டுப் போனது. பிறகு வெலிச்கா பிளெவென் நகரத்துக்குப் போய் நூற்பாலையில் ஆறு வருஷம் இரண்டு ஆள் வேலை பார்த்தாள். சிறந்த தொழிலாளிக்கான பதக்கம் தபாலில் மில்கோவுக்கு வந்தது. தூரம் ஒரு பொருட்டில்லை என்று தெரிந்ததும் ஊர் திரும்பி, ஊருக்குள் ஓடிய ஒரே பேருந்தின் ஓட்டுநர் அசேனைக் கல்யாணம் செய்துகொண்டாள். உழைப்பை விட்டுவிடலாம் என்று ஒரு வசந்தத்தில் முடிவு செய்தும் பார்த்தாள். முதல் வாக்கியம் விடவில்லை. விடிந்ததும் கை மண்வெட்டியைத் தேடிப் போய்விடும்.

இதற்கிடையில் மில்கோ பழம் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வையாளரானான், பிறகு துணை மேயரானான். ஆட்சி மாறியபோது மற்றவர்களுக்கு வேலை போயிற்று, அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் வந்தது. ஒரு நாளும் குனிந்து ஒரு களை பிடுங்கியதில்லை. அவன் மனைவி ராட்கா, எல்லாம் தானாக வருகிற வீட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, ஒரு பையோடு வார்னாவில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டாள். அதன்பிறகு மில்கோ பகலெல்லாம் சன்னலருகே உட்கார்ந்து வெலிச்கா கொத்துவதையே பார்த்துக்கொண்டிருப்பான். முகம் கொடுக்க முடியாமல் திரை போட்டான், திரையை எடுத்தான், மறுபடி போட்டான்.

அறுபத்துமூன்றாம் வயதில் அசேனுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. மருத்துவமனையில், வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நடப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள். வெலிச்கா பார்த்துக்கொண்டாள். பதினோரு மாதம் எண்ணெய் போட்டுக் காலை நீவினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அசேன் நாளுக்கு நாள் மெலிந்தான். கால் குச்சியானது. பேச்சு மட்டும் இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள், துணி காயப்போடும்போது, பத்து வருஷமாகக் கைத்தடியோடு நடந்த மில்கோ பிளம் மரத்தின் மேல்கிளையில் உட்கார்ந்திருப்பதை வெலிச்கா பார்த்தாள். ஈரத்துணியைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு வேலியருகே போனாள்.

"மில்கோ, உன் முழங்கால் எப்படி இருக்கு?"

அவன் இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குளிர்காலத்துலயே சரியாயிடுச்சு. கண்ணாடியும் வேண்டியதில்ல."

"அவனுக்குத் தடவறேன், உனக்குக் கேக்குது."

"எனக்குத் தெரியும் வெலிச்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மரத்துல ஏறி உக்காந்தேன். நீ பாப்பேன்னு."

அவளுக்குக் கோபம் வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். வேலிக்கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு, "நீ வந்து அவனப் பாத்துக்க. இனி நான் கைய வைக்கல" என்றாள்.

"எனக்கு ஒரு வேலையும் தெரியாதே."

"தெரியும்னு நான் சொன்னேனா?"

மறுநாள் காலை மில்கோ வந்தான். முதல் சூப் அடிப்பிடித்தது. இரண்டாவதை அசேனின் சட்டையில் கொட்டினான். புரட்டத் தெரியாமல் புரட்டியதில் அசேன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, "விடு, புது ஆளு கையால சாகறதும் ஒரு மாறுதல்தான்" என்றான். மில்கோ அவனை இழுத்தெடுத்து உட்கார வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்து அழுதான். இரண்டு வாரத்தில் அவன் உள்ளங்கையில் ஒரு காய்ப்பு வந்தது. அதை மதுக்கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினான்.

மில்கோவின் உழைப்பு என்ன பலன் தரும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் உழைத்ததே இல்லை, அவனுக்கென்று எதுவும் சொல்லப்படவும் இல்லை. கடைசியில் அது எல்லோருடைய உழைப்பையும் போலத்தான் இருந்தது. கொஞ்சம் பலித்தது, கொஞ்சம் வீணாயிற்று. அசேனின் இடது கை திரும்பவே இல்லை. கால் திரும்பியது. ஜூன் நடுவில் அசேன், மில்கோவின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து மேசைவரை ஏழு அடி எடுத்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பீன்ஸ் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு உப்பு இல்லை என்றான்.

வெலிச்கா எழுந்தாள்.

"உக்காரு" என்றான் மில்கோ.

அவள் உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்த நாற்காலியில், முதுகைச் சாய்த்து, அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள். கைகள் மட்டும் மடியில், ஒன்றுமில்லாத இடத்தில், பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தன. சாயங்காலம் மில்கோ தன் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் ஒரு சட்டி நிறைய உரித்த பீன்ஸ் இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, காலையில் அசேனுக்குச் சவரம் செய்யவேண்டும் என்று கத்தியைத் தேடினான்.